ஹெர்ட் ஃப்ரம்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பில் புலன்களைப் பற்றிய வினைச்சொற்கள் ஒரு பாடமாக வரும். பார்ப்பது, கேட்பது, முகர்வது. அவற்றோடு 'இங்' சேர்க்கக்கூடாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, 'ஐ ஆம் ஹியரிங்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போடுவேன். 'ஹியர்' என்ற அந்த ஒரு சொல்லின் எல்லா மடிப்புகளும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த காலம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அப்போது நான் குடியிருந்தது ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய ஐந்து வீடுகளில் ஒன்று. அடுத்த வீட்டில் ஒரு அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். பீடி சுற்றுவாள். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். கணவர் சவுதியில் வெல்டர். மாதம் ஒன்றோ இரண்டோ கடிதம் வரும். அது வந்த நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கும்.

ஆனி மாதத்தோடு கடிதம் நின்றுபோயிற்று. அக்டோபரில், காலாண்டு விடுமுறையின்போது, அக்கா பழைய உறை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் கணவர் வேலை பார்த்த கம்பெனியின் விலாசம் இருந்தது.

"டீச்சர், இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதித் தரணும். நாலு மாசமாச்சு. ஒண்ணுமே தெரியல."

உட்காரவைத்து எழுதினேன். 'ஐ ஹேவ் நாட் ஹெர்ட் ஃப்ரம் மை ஹஸ்பண்ட் ஃபார் ஃபோர் மந்த்ஸ்.' முடித்ததும் வரிக்கு வரி அர்த்தம் சொல்லச் சொன்னாள். நான் சொல்லுக்குச் சொல் சொன்னேன். "நாலு மாசமா எம் புருஷன்கிட்ட இருந்து நான் கேக்கல."

அவள் முகம் மாறிவிட்டது.

"நான் கேக்கலன்னா எழுதிருக்கீய? ஒவ்வொரு லெட்டர்லயும் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நல்லாருக்கீயளா, எப்ப வருவீயன்னு."

"அந்தக் கேக்கது இல்லக்கா. தகவல் காதுக்கு வரலன்னு அர்த்தம். இங்கிலீசுல அப்படித்தான் சொல்லுவாங்க."

"அப்பம் என் காதுல குத்தம்ங்க மாதிரில்லா இருக்கு. லெட்டர் போடாதது அவுக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்துவிட்டாள். பகலில் சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால், பதில் என் பள்ளிக்கூட விலாசத்துக்கே வரட்டும் என்றாள். அப்படியே எழுதினேன்.

தீபாவளி வந்தது. அதற்கு முந்தின வாரம் வள்ளியூருக்குப் போய், கணவரை அனுப்பிவைத்த ஏஜெண்டைப் பார்த்துவிட்டு வந்தாள். லீவு கிடைத்திருக்காது, பொங்கலுக்குள் வந்துவிடுவார் என்று அவர் சொன்னாராம். அந்தத் தெம்பில் கணவருக்கும் ஒரு வேட்டி எடுத்து மஞ்சள் தடவி வைத்தாள்.

பதில் டிசம்பரில் வந்தது. ஒரு வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் பியூன் கொண்டுவந்து கொடுத்தார். ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்தபடியே பிரித்தேன். அரைப் பக்கம் தட்டச்சு. முதல் வரி 'ஆஸ் யூ வில் ஹேவ் ஹெர்ட்' என்று தொடங்கியது.

இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூசுகிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இலக்கணம்தான். 'வில்' என்றால் எதிர்காலம். ஆனால் இங்கே அது வரப்போவதைச் சொல்லவில்லை. 'இதற்குள் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்' என்கிற ஊகத்தைச் சொல்கிறது. பரீட்சையில் வராது என்று நான் ஒவ்வொரு வருஷமும் தாண்டிப்போகிற இடம். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் இரண்டாவது வரிக்குப் போனேன்.

எங்கள் ஏஜெண்டு மூலம் இதற்குள் நீங்கள் கேள்விப்பட்டிருப்பதைப் போல, ஜூலை மாதம் பட்டறையில் காஸ் சிலிண்டர் வெடித்ததில் உங்கள் கணவர் காயமடைந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். குடும்பத்தின் சம்மதக் கடிதம் ஏஜெண்டிடமிருந்து கிடைத்ததால் உடல் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய பெட்டியை அனுப்ப ஏற்பாடு நடக்கிறது. அவ்வளவுதான் கடிதம்.

நானும் அவளும் சிரித்துக்கொண்டு எழுதினோமே, அன்றைக்கு அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "தபால் உண்டுமா டீச்சர்?" என்றாள். தினமும் கேட்பதுதான். "இல்லக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மகளுக்கு மறுநாள் அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். அது முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மறுநாளோடு பரீட்சை முடிந்தது. அன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, தன் தலையில் வைத்ததுபோக மீதிப் பூவை எனக்குக் கிள்ளிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் போனேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"கம்பெனியில இருந்து லெட்டர் வந்துருக்குக்கா."

"என்ன போட்டிருக்காவ?"

"அண்ணன் இல்லக்கா. போயிட்டாங்க. ஜூலையிலயே."

அவள் அழவில்லை. கையிலிருந்த இலையைச் சுருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி, அந்தப் பீடியைக் கட்டோடு சேர்த்து வைத்தாள். அதன் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நல்லா படிச்சீயளா டீச்சர்? இங்கிலீசுல்லா. வேற அர்த்தமாருக்கும்."

மூன்று முறை படித்துக்காட்டினேன். மூன்றாவது முறை மகள் குடத்தோடு வாசலில் நின்றாள்.

திங்கட்கிழமை அக்கா வள்ளியூருக்குப் புறப்பட்டாள். உறவில் யாரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. நான் கூடப் போனேன். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூவும் பொட்டும் இல்லாமல், அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாத யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது.

ஏஜெண்டு கடையில்தான் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கடிதத்தை நான் மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"கம்பெனிக்காரன் தந்தி குடுத்திருப்பான்னு நெனச்சேம்மா."

"அண்ணாச்சி, தீபாவளிக்கு முந்தி நான் இங்கன வந்து நின்னேன்லா. தலை நெறைய பூ வச்சுக்கிட்டு வந்து நின்னேன். பாத்துக்கிட்டுத்தான இருந்தீய?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சம்மதம் யாரு குடுத்தா?"

"அவரு சவுதிக்குப் போகும்போது நீ கையெழுத்துப் போட்ட வெத்துக் காயிதம் கிடந்துச்சு. பொணம் வர மாசக்கணக்காகும். வந்தாலும் மூஞ்சி பாக்க முடியாது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "டீச்சரம்மா, நீங்களாவது சொல்லுங்க. பொம்பளப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கு. சொன்னா தாங்காதுன்னுதான் பைய சொல்லலாம்னு இருந்தேன்."

வியாழனும் வெள்ளியும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது அதேதான். அந்த ஆள்மேல் ஏறவேண்டிய கோபம் பாதியில் நின்றுவிட்டது. அக்கா மட்டும், இனி என் பெயரில் எந்தக் காகிதமும் உங்களிடம் இருக்கக்கூடாது என்று சொல்லி, மேசை இழுப்பறையைத் திறக்கவைத்து, கையெழுத்துப் போட்ட இன்னொரு வெற்றுத்தாளை வாங்கிக் கிழித்துப்போட்டாள்.

திரும்பும்போது நாங்குநேரி தாண்டியதும் கேட்டாள்.

"டீச்சர், அந்த லெட்டர் என்னைக்கு வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமைக்கா" என்றேன்.

விரலை மடக்கிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை பூ குடுத்தனே. வாங்கிக்கிட்டீய."

"பாப்பாவுக்குப் பரீட்சை..." என்று தொடங்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எனக்காக நிற்காமல் நடந்தாள்.

அதன் பிறகு சவுதியிலிருந்து நாலைந்து கடிதங்கள் வந்திருக்கும். என் விலாசத்துக்கு அல்ல. கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற ஒருவரிடம் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டாள். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். மஞ்சள் பைக்குள் நீலக்கரை போட்ட உறை தெரியும். நான் வாசலில் நின்றால் தலையை மட்டும் அசைப்பாள். கோபம் என்று சொல்ல முடியாது. கடிதத்தைப் படித்துச் சொல்கிறவள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்தது. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் மகள் வந்து, "டீச்சர், கத்தி தருவீயளா? பெட்டிக் கயித்த அறுக்கணும், எங்க கத்தி மழுங்கிப்போச்சு" என்றாள். கொடுத்தேன். கூடவே போகலாமா என்று நினைத்து, செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் போகவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தபோது, கத்தி கழுவித் துடைத்து என் வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது.

கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்துகொண்டு பாபநாசம் பக்கம் அவளுடைய அண்ணன் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் அன்றைக்குப் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.