டிக்கெட் வாங்கிய ஜெமீலா ராத்தா

எங்கள் ஓர்கிட் சங்கம் உக்குவளையில், ஜெமீலா ராத்தாவின் பின்வளவில்தான் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேருக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டையில் செடி கட்டப் பழக்கியவர் அவர்தான். பிறகு தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் மனைவிமாரான துரைசாணிமாரும் சேர விரும்பியதால், கூட்டத்தை மாத்தளை டவுனுக்கு மாற்றினோம். பேச்சு முழுக்க இங்கிலீஷ் ஆகிவிட்டது. எனக்கு அது தெரியும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

ஒரு கூட்டத்தில் ராத்தா என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றாங்க தங்கச்சி?" என்று கேட்டார். துரைசாணிமார் முன்னால் தமிழில் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. "பிறகு சொல்றேன்" என்றேன். சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் முதல் கண்காட்சியன்று வாசலில் நான்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் மகளோடு நின்ற ராத்தா, சில்லறையை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்கு ராத்தா டிக்கெட்? நம்ம சங்கம்தானே."

"நான் இப்ப மெம்பர் இல்லத்தானே, தங்கச்சி. ரெண்டு தாங்க."

கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். தலைகுனிந்தபடி இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்து, என் செடிகளைப் பற்றி விசாரித்தார். திரும்பவும் கூட்டத்துக்கு வரும்படி கெஞ்சினேன்.

"அங்க வந்து நான் யாரோட பேச?" என்று கேட்டார்.

என்னோடு பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.