கடைசி நாற்காலிக்காரர்

எங்கள் மாதா கோவில் பங்கில் ஒரு பிளம்பர் இருக்கிறார். வேலையில் படு கெட்டிக்காரர். வாக்கை மட்டும் நம்பக்கூடாது. காலையில் வருகிறேன் என்பார், எந்தக் காலை என்று சொல்லமாட்டார். ஆனால் கோவில் காரியம் என்றால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார்.

இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய நினைவாக, பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். அதில் கடைசி நாற்காலி, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று யாரோ புண்ணியவான் கிளப்பிவிட்டான். வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் நன்றாகப் படித்தவர்களே அந்த நாற்காலியைக் கண்டால் நழுவினார்கள். பிளம்பர்தான், "அவன் காலையும்தானே கழுவினாரு?" என்று போய் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடமாக அதுதான் அவர் இடம். "யூதாஸைக் கூப்பிடுங்க, சிங்க் அடைச்சிருக்கு" என்கிற அளவுக்குப் பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருடம் அவர் மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்தது. பையனின் அப்பா வெளியூரில் பேக்கரி வைத்திருப்பவர். பெரிய வியாழன் பூசைக்கு வந்துவிட்டு, அப்படியே வீட்டில் முடிவு சொல்வதாக இருந்தார். பிளம்பரின் மனைவி அவரைத் தனியாக இழுத்துப் போனாள்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் அந்த நாற்காலி வேணாம். 'அதோ யூதாஸ்'னு யாராவது அவர் காதுல போட்டா முடிஞ்சுது. நம்ம பொண்ணு வாழ்க்கைங்க."

"சரி, விடு. முதல் ஆளா போயிடறேன்."

போனார். முதல் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அது ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் இடம். மற்றவர்கள் விஷயம் புரிந்து அடித்துப்பிடித்து உட்கார, தாமதமாக வந்த தலைமையாசிரியருக்குக் கடைசி நாற்காலிதான் மிச்சம். அதைப் பார்த்ததும் அவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரசங்கம் முடிந்து, சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தால் பதினோரு பேர்தான் இருக்கிறார்கள்.

"இன்னும் ஒருத்தர் வாங்க" என்றார்.

கோவில் முழுக்கத் தரையைப் பார்த்தது. தன் இடம் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்க்கப் பிளம்பருக்கு மனசு கேட்கவில்லை. எழப் போனவர், மனைவி முறைத்த முறைப்பில் மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது முன்வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் எழுந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிளம்பரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாமியார் பிளம்பரிடமிருந்து தொடங்கினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. துண்டு காய்ந்திருந்தது. பிளம்பர் அரண்டே போனார். சில்லிட்ட தண்ணீரும் சொதசொதவென்ற துண்டும்தான் அவர் இத்தனை வருடம் கண்டது. ஆனால் சாமியார் பாதத்தை முத்தமிட்டதும் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். கடைசி ஆளிடம் அப்படிச் செய்யமாட்டார். பன்னிரண்டு பேருக்கும் குனிந்து முதுகு விட்டுப்போய், அந்த ஆளின் முழங்காலில் கை ஊன்றித்தான் எழுந்திருப்பார். பிளம்பர் எட்டிப் பார்த்தார். பேக்கரிக்காரரின் முழங்காலில் சாமியாரின் கை இருந்தது. பிளம்பர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எங்க பங்குல முப்பது வருஷமா பாதம் கழுவ என்னை ஒருத்தனும் கூப்பிட்டதில்ல, சம்பந்தி."

சம்பந்தி என்றதும்தான் பிளம்பரின் மனைவிக்கு உயிர் வந்தது.

"அது யூதாஸ் நாற்காலியாமே, பக்கத்து ஆள் சொன்னாரு. இருந்துட்டுப் போகட்டும். சாமி என் கால்ல கை ஊனி எந்திரிச்சாரு பாருங்க, அது போதும் எனக்கு. பொண்ணை எங்களுக்குக் கொடுத்துடுங்க."

பிளம்பர் பலமாகத் தலையாட்டினார்.

"அடுத்த வருஷமும் அந்த நாற்காலி எனக்குத்தான், சரியா?"

பிளம்பரின் முகம் சுண்டிப்போயிற்று.

"அதை மட்டும் கேக்காதீங்க, சம்பந்தி."