பெயருக்கு முன்னால் ஏறிய பட்டம், சம்பளத்தில் ஏறவில்லை

ஐந்து வருடம் அலைந்து கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன். செஞ்சியில் நான் வேலை பார்த்த பி.எட். கல்லூரியின் தாளாளர், போர்டில் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதவைத்தார்; சம்பளத்தை மட்டும் ஏற்றவில்லை. கேட்டதற்கு, "பட்டம் உனக்குத்தானேம்மா, எனக்கு இன்னா லாபம்?" என்று சிரித்தார். நான் ஏமாந்து கொடுத்திருந்த அசல் சான்றிதழும் அவர் பீரோவில்தான் இருந்தது.

கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக் குழு வந்த அன்று அவரே அதை எடுத்துக் கொடுத்து, அவர்களிடம் காட்டச் சொன்னார். காட்டினேன். கைக்கு வரும் சம்பளத்தையும் சொன்னேன். கல்லூரியின் சம்பளப் பதிவேட்டில் அதைப்போல் மூன்று மடங்கு எழுதியிருந்தது.

"இன்னாம்மா, இப்படிப் பண்ணிட்டியே!" என்று பதறினார்.

"பட்டம் எனக்குத்தானே சார், எடுத்துக்கினு போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது எங்கேயும் நகல் மட்டுமே கொடுக்கிறேன். இந்தப் படிப்புக்குப் போகிறவர்களிடம், முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். அந்தக் கல்லூரியின் பெயரையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.