பம்புக்குக் கொடுத்த பரிசு

சிறந்த தொழிலாளி விருதை, அது யாருக்கு உரியது என்று தெரிந்தே, நான் வேறொருவருக்குக் கொடுத்தேன். கவனக்குறைவால் நடந்ததல்ல. மனத்தில் வன்மம் வைத்துச் செய்தேன்.

தண்ணீர்ப் பம்புகளைப் பழுதுபார்க்கும் நிறுவனமொன்றின் மலேசியக் கோல சிலாங்கூர் கிளைக்கு அப்போது நான் நிர்வாகி. பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களிலிருந்து சுங்கை பெசார் வயல்கள் வரை எங்கள் ஆட்கள் வேனில் போய்வருவார்கள். அவர்களில் மூத்தவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் எல்லோரும் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது என்னைக் காட்டி, "நம்ம கிராணிய தோட்டத்துப் பக்கம் கூப்பிடாதீங்கடா, வெயில் பட்டா கரைஞ்சிருவாரு" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பட்டம் படித்து நிர்வாகியான என்னைத் தோட்டத்து ஆபீஸ் கணக்கப்பிள்ளையைச் சொல்வதுபோல் கிராணி என்றது உள்ளே தைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு விருதோடு குழுத் தலைவர் பதவியும் வந்தது. தலைவர் பம்பு தூக்க வேண்டியதில்லை, மேற்பார்வை பார்த்தால் போதும். மூத்தவருக்கோ ஆற்றோரச் சேற்றிலிருந்து பம்புகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்புத் தட்டு விலகியிருந்தது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை அவரே என்னிடம் வந்து சொன்னார். "இது கெடச்சா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிருவேன் சார்" என்றார். அன்றைக்கு மட்டும் கிராணி என்று சொல்லவில்லை.

யார் அதிகமான வேலைகளை முடித்தார்களோ அவருக்கு விருது என்பது எங்கள் வழக்கம். நிர்வாகி காரணம் சொல்லி மாற்றவும் இடமிருந்தது. நான் மாற்றவில்லை. எண்ணிக்கையில் முந்தியிருந்த, எனக்குப் பை தூக்கிக்கொண்டு பின்னால் வரும் இளையவருக்கு விருது போயிற்று. மூத்தவர் என் மேசை முன் வந்து நின்றார்.

"நான் செஞ்ச பம்பு மறுபடி கூப்பிடாது. அவன் செஞ்சது வாரா வாரம் கூப்பிடுது. போற தடவ எல்லாம் ஒரு வேலைன்னு எண்ணுனா, பரிச அந்தப் பம்புக்குத்தான் குடுக்கணும் லா!"

"கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றேன். அவர் சொன்னது எனக்கு முன்பே தெரியும். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு அவர் மறுபடியும் தூக்கப் போனார். இரண்டு ஆண்டுகள் தூக்கினார். பம்பு வேலை முடிந்து திரும்பும்போது வேனிலிருந்து அவர் இறங்குகிற விதத்தை என் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முதலில் ஊன்றி, மறுகாலை மெதுவாக இழுத்து இறக்குவார்.

நான் ஓய்வு பெற்றபோது ஒரு தமிழ் முஸ்லிம் உணவகத்தில் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். இளையவர் அதற்குள் வேறு கிளைக்கு மாறிப் போயிருந்தார். காலியான தலைவர் பதவிக்கு வெளியாள் ஒருவரை அனுப்பத் தலைமை அலுவலகம் முடிவு செய்திருந்தது. என் நேர்மையைப் புகழ்ந்து, எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சால்வையை மடித்து மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை அவர் பெயரோடு சொன்னேன். பழிவாங்கவே செய்தேன் என்றும் சொன்னேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் முகம் சுருங்கியது.

மூத்தவர்தான் பேசினார். "போதும் கிராணி, பிரியாணி ஆறுது."

அன்றிரவு அவர் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் பதவி அவருக்கே கிடைத்தது. கிடைத்த வாரமே எனக்கு ஃபோன் செய்தார். "நாளைக்கு வாங்க. என் எடம் காலியா இருக்கு."

தோட்டத்துப் பம்புக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தூக்குகிற நால்வரில் அவர் பிடிக்கும் முனையை எனக்குக் காட்டினார். குனிந்து பிடித்தேன். பம்பு மண்ணைவிட்டு எழும்புவதற்குள் என் பக்கமாகச் சாய்ந்தது. மற்ற மூவரும், "விட்டுருங்க சார், காலு போயிரும்!" என்று கத்தினார்கள். விட்டேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். நானும் அவரும் அருகருகே உட்கார்ந்தோம். என் பங்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டு அவர்கள் பம்பைத் தூக்கினார்கள். வேறு எந்தப் பாராட்டையும்விட, அந்த வாளியை எனக்குக் கவிழ்த்துப் போட்டதற்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.