சீசன் டிக்கட்டில் இருந்த மாப்பிள்ளை

எங்கள் அம்மாவின் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்குத் தலை இல்லை. வெட்டியவர் மாப்பிள்ளையேதான்! ஸ்டூடியோவில் படத்தை வாங்கிக்கொண்டு மஹய்யாவயில் இருந்த வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா, மாதம் முழுக்க பஸ்ஸில் போய்வர சீசன் டிக்கட் எடுக்கப் போயிருக்கிறார். திகனயில் ஒரு கடையில் வேலை, மறுநாளே சேர வேண்டும். சீசனில் ஒட்டப் படம் கேட்டார்களாம். புதிதாக எடுத்தால் கழுவித் தர நாளாகும். மனிதர் கத்தரிக்கோலை இரவல் வாங்கி, தன் தலையைச் சதுரமாக வெட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மாவின் கையில் தந்திருக்கிறார். வேறு பிரதி கிடையாது. அந்தச் சீசனும் பிறகு எங்கேயோ போய்விட்டது.

அந்த ஓட்டையைவிடப் பெரிய குறை ஒன்று அம்மாவுக்கு உண்டு. "தாலி கட்டுன அன்னைக்கு ஒங்கப்பா என்னைய ஏறெடுத்தும் பாக்கல. புடிக்காமத்தான் கட்டுனாரு போல" என்று சண்டைக்குச் சண்டை சொல்லிக்காட்டுவார். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அவர் காலமான பிறகும் அம்மா அதை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது.

போன மழைக்கு அலுமாரிக்குள் ஈரம் ஏறி, போட்டோ அல்பமெல்லாம் பூஞ்சணம். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஞாயிற்றுக்கிழமை மேசையைத் துடைத்து, பழைய வேட்டியை விரித்து, எல்லாவற்றையும் இறக்கினேன். அம்மா படங்களை வடகம் மாதிரி வெயிலில் காயவைக்கக் கிளம்பினார். தம்பியோ, "அக்கா, எல்லாத்தையும் லெமினேட் பண்ணிருவோம், ஒரே வேலையா முடிஞ்சிரும்" என்றான்.

"ரெண்டு பேரும் கைய வச்சீங்க, கொலை விழும்!" என்றேன். வெயிலில் வைத்தால் படம் வெளுத்துச் சுருண்டுவிடும். லெமினேட் செய்தால் அப்புறம் பிரிக்கவே முடியாது. ஃபேன் காற்றில், நிழலில் காயவிட்டுத்தான் பூஞ்சணத்தைத் துடைக்க வேண்டும். புதுச் சப்பாத்துச் சோடிகளின் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் குட்டிப் பைகளைக்கூட நான் சேர்த்து வைத்திருந்தேன். "சரிங்க டொக்டரம்மா" என்று கும்பிட்டுவிட்டு, தம்பி பத்திரங்கள் கிடந்த சொப்பிங் பேக்கை அவிழ்த்தான்.

பிறப்புச் சான்றிதழ்களுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மங்கிய அட்டை.

"அக்கா! சீசன்!"

பிடுங்கிப் பார்த்தேன். அப்பாவேதான்! கழுத்தோரம் மாலைப் பூகூடத் தெரிந்தது. கண் மட்டும் நேரே பார்க்காமல் ஒரு பக்கமாகப் போயிருந்தது.

"எங்க பாத்துக்கிட்டு நிக்கிறாரு இந்த மனுசன்?" என்றான் தம்பி.

உறையைப் பிரித்தேன். பசை எப்போதோ காய்ந்துபோனதால் படம் தானாகவே கழன்று வேட்டியில் விழுந்தது. அம்மா சோற்றுப் பசை எடுக்க எழுந்தார். "பசை வேணாம்மா, பூச்சி வரும். சும்மா உக்காருங்க!" என்று கல்யாணப் படத்தை எடுத்து வைத்து, ஓட்டைக்குள் அந்தச் சதுரத்தை மெல்லத் தள்ளினேன்.

அப்படியே பொருந்திவிட்டது! சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாரும் கெமராவைப் பார்க்கிறார்கள். அம்மா தலையைக் குனிந்து தரையைப் பார்க்கிறார். மாப்பிள்ளை மட்டும் பக்கவாட்டில் பொண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தம்பி விசிலடித்தான். "அம்மா! குனிஞ்சிக்கிட்டு இருக்கிறது நீங்க! அவரு ஒங்கள விட்டுக் கண்ண எடுக்கவே இல்ல!"

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பார்வையத்தானா வெட்டி எடுத்து, சட்டப் பையில போட்டுக்கிட்டு தெனமும் திகனக்குப் போனாரு? இம்புட்டு ஏச்சு வாங்குனாரே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாமுல்ல."

ஃபேன் காற்றில் சதுரம் லேசாக எழும்பியது. அம்மா சட்டென்று அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் விரலை எடுக்கவில்லை. படத்தில் விரல் படக்கூடாது என்று நானும் சொல்லவில்லை.