படத்தில் இல்லாத பிள்ளை

என் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நேரில் காணாதவர்கள்கூட அவருடைய படத்தைப் பார்த்திருப்பார்கள்: சரிந்த லயத்து வரிசைவீடுகளின் மண்ணிலிருந்து ஒரு பெண்பிள்ளையை மார்போடு அள்ளித் தூக்கும் தாய். 'பெற்ற மகளை மீட்டாள்' என்று கொழும்புப் பத்திரிகை எழுதியது. அந்தப் பிள்ளை நான். ஆனால் நான் அவர் பெற்ற மகள் அல்ல.

அம்மா தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். பத்து வயதிலேயே கொழுந்துக்கூடை சுமந்தார். மணமான சில வருடங்களில் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, மகள் காமாட்சியோடு தனித்து நின்றார்.

ஓர் அடைமழைக் காலையில் அவர் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது மலை சரிந்து லயத்தை மூடியது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து வெறுங்கையால் தோண்டினார். தோட்டத்துத் துரையோடு வந்த விருந்தாளியிடம் கமரா இருந்தது. படத்தில் அம்மா சிரிக்கிறார். என் முகம் முழுக்கச் சேறு. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்த பிறகுதான், நான் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது. காமாட்சியையும் என்னைப் பெற்றவர்களையும் மத்தியானம் எடுத்தார்கள். மூவருக்கும் உயிரில்லை.

அம்மா என்னைக் கண்டிக்குக் கூட்டிவந்தார். பள்ளி விடுதியொன்றில் சமைத்து, அங்கேயே என்னைப் படிக்கவும் வைத்தார். யாராவது அந்தப் படத்தைக் காட்டிப் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நோயில் விழுந்த பிறகுதான் சொன்னார்.

"ரெண்டு எடத்துல சத்தம் கேட்டுச்சு ஆத்தா. பெரிசா அழுதது எம் புள்ளதான்னு நெனச்சுத் தோண்டுனேன். ஒன்னய எடுத்த பெறகும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டுச்சு. எறக்கி விட்டுட்டு ஓடணும். நீ கழுத்த விடல."

"பிடுங்கிப் போட்டிருக்கலாமேம்மா?"

"பயந்துபோன புள்ளய எப்படிப் பிடுங்குறது?"



அம்மாவுக்கு நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு முஸ்லிம் அக்காவுக்கும், விடுப்புத் தந்து ஆறுதல் சொன்ன, நான் கற்பிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கும், அந்தத் தோட்டத்திலிருந்து மழையில் நடந்துவந்து அம்மாவைச் சுமந்த உறவுகளுக்கும் என் நன்றி.

கடைசி நாள் காலையில் அம்மா பாயை விரல்களால் பிராண்டிக்கொண்டே இருந்தார். "சத்தம் போடு ஆத்தா, எங்க இருக்கே? சத்தம் போடு" என்றார். 'இங்கே இருக்கேன்' என்று என் வாய்வரை வந்தது. இந்த முறையாவது காமாட்சியின் குரல் அவருக்குக் கேட்கட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன்.