மஞ்சள் சுவர், காகிதப்பூ, பச்சைக் கதவு

புதுச்சேரியில் கடலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருக்கும் சின்ன கெஸ்ட் ஹவுஸின் ஃப்ரண்ட் ஆபீஸ் என்னுடையது. ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்தேன். இப்போது மேனேஜர் என்று பேட்ஜ் குத்தியிருக்கிறார்கள். நாற்காலி மட்டும் அதேதான். புதிதாகச் சேரும் பெண்கள், "கெஸ்ட்டுக்கு டிப்ஸ் எப்பிடி மேடம் சொல்றது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் நான் டிப்ஸ் சொன்ன லட்சணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. ஆரம்ப காலத்து அட்வைஸ்

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. மீன்பிடிக் குடும்பம். கடலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர் நிறையவே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பெங்களூர்க்காரர் ஒருவர் பீச் எவ்வளவு தூரம் என்று கேட்டார். நடந்தே போய்விடலாம் என்றேன். மனைவி, பிள்ளைகள், துண்டு, பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டி சகிதம் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, மணல் எங்கே என்று கேட்டார். எங்கள் ஊரில் பீச் என்றால் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம். குளிக்கிற பீச் வேண்டுமென்றால் நோணாங்குப்பம் போய்ப் படகு ஏற வேண்டும். இது ஊருக்கே தெரியும், ஊருக்கு வருகிறவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு அம்மாளை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைத்தெருவுக்கு அனுப்பினேன், கூட்டமே இருக்காது என்று சொல்லி. கூட்டம் இல்லைதான். பாதிக் கடைகளில் ஷட்டரும் இறங்கியிருந்தது. முதலாளிகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம்தான் திறப்பார்கள்.

ஒருவருக்கு எங்கள் ரூம் பிடிக்கவில்லை. பக்கத்தில் வேறு நல்ல ஹோட்டல் இருக்கிறதா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். நானும் பெருமையாக ஒரு ஓட்டலுக்கு வழி சொன்னேன். பெட்டி படுக்கையோடு போனவர் அங்கே ரூம் கேட்டிருக்கிறார். அவர்கள் இலை போட்டுவிட்டார்கள். ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து எங்கள் ரூமிலேயே தங்கினார். முதலாளி மட்டும் அன்றைக்கு என்னைப் பாராட்டினார்.

இவ்வளவு அடிபட்ட பிறகு நான் தேறிவிட்டதாக நினைத்தேன். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், சாயங்காலம் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்வேன். அந்தத் தேர்ச்சிதான் போன வருஷம் என்னை மாட்டிவைத்தது.

2. வெள்ளைப் புடவை அம்மா

கல்கத்தாவிலிருந்து ஒரு மகனும் அம்மாவும் வந்திருந்தார்கள். மகன் பேங்க்கில் வேலை பார்ப்பவர், சாது. அம்மாவுக்கு வங்காளம் மட்டும்தான் தெரியும். கணவர் போன பிறகு முதல் முறையாக வெளியூர் வந்திருக்கிறார். மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவை, நெற்றியில் ஒன்றும் இல்லை. செக் இன் பண்ணும்போதே மகனிடம் ஏதோ பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான்: விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டும். தனியாகப் போக வேண்டும். ஆயுசில் ஒரு தடவையும் தனியாக எங்கும் போனதில்லையாம்.

மகன் தயங்கினார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "பயமே வேணாம் சார். எங்க ஊர்ல எல்லாத் தெருவும் நேர்கோடு" என்று தொடங்கினேன். கடலுக்கு முதுகைக் காட்டி நேராக வரச் சொல்லுங்கள், ரெண்டாவது தெருவில் திரும்பினால் மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூ, பச்சைக் கதவு, கண்ணை மூடிக்கொண்டே வந்துவிடலாம் என்றேன். அவர் வங்காளத்தில் சொல்ல, அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்து ஸ்கூட்டியை நிறுத்தும்போது, மகன் வாசலில் நின்றிருந்தார். இருட்டிலேயே கிளம்பிய அம்மா இன்னும் வரவில்லை. செல்போன் ரூமில் சார்ஜில் கிடந்தது. அவர் பீச் முழுக்க ஓடிப் பார்த்துவிட்டு வந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது. "கடலுக்குள் இறங்கியிருப்பாரோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ரெண்டு பேரும் தெருவில் இறங்கினோம். அன்றுதான் அந்தத் தெருவை நான் ஒழுங்காகப் பார்த்தேன். முதல் வீடு மஞ்சள் சுவர், காகிதப்பூ, பச்சைக் கதவு. அடுத்தது மஞ்சள் சுவர், காகிதப்பூ, கதவு மட்டும் நீலம். எதிரில் மஞ்சள், காகிதப்பூ, பச்சை. அடுத்த தெருவும் அப்படியே. டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கட்டும் என்று ஊரே சேர்ந்து ஒரே டப்பா பெயின்ட்டில் அடித்த மாதிரி இருந்தது. அத்தனை வருஷமாக அந்த அடையாளத்தைச் சொல்லித்தான் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களை அனுப்பியிருக்கிறேன். அவர்களெல்லாம் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

பால்காரர், பூக்காரம்மா, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர், எல்லோரிடமும் கேட்டேன். "வழி தெரியாம ஒரு அம்மா அலையறதப் பாத்தீங்களா?" ஒருவரும் பார்க்கவில்லை. மகன் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மையில் அனுப்பியது நான்.

எங்கள் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஜாபர் பாய் அப்போது வந்தார். அவரிடமும் அதையே கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஆள் எப்படி இருப்பாங்க என்றார். சொன்னேன்.

"வெள்ளப் பொடவ பெரியம்மாவா? எதிர்ச் சந்து மதாம் வீட்டு ஆளுங்களோட நான்தானே இட்டுனு போயி மாதா கோயில்ல எறக்கி உட்டேன். அவங்க எங்க காணாமப் போனாங்க, நல்லா சிரிச்சிகினு இல்ல வந்தாங்க?"

3. மாதா கோயில்

அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் செபமாலை, பக்கத்தில் மதாம். மதாம் என்பது பிரெஞ்சு அரசாங்கத்திடம் பென்ஷன் வாங்கும் எங்கள் எதிர்ச் சந்து அம்மாள். அன்றைக்கு அவர் வீட்டுக்காரருக்கு வருஷ நினைவுப் பூசை. மகன் ஓடிப்போய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதார். அம்மா அவர் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, ஏன் அழுகிறான் என்று என்னைப் பார்த்தார்.

மதாம் என்னை ஓரமாக அழைத்தார். "காரைக்கால்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம் வரேன்னு சொல்லியிருந்தாங்கம்மா. இவங்க வெள்ளப் பொடவையில நேரா உள்ள வந்து நாற்காலியில ஒக்காந்தாங்க. காரைக்காலான்னு கேட்டேன், தலைய ஆட்டுனாங்க. காப்பி குடிக்கிறீங்களான்னேன், அதுக்கும் ஆட்டுனாங்க. அப்பறம் நா இன்னாத்த கேக்குறது? அவர் சொந்தத்துல பாதிப் பேர எனக்கே தெரியாது."

அம்மாவின் பக்கத்துக் கதையை மகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தார். சொன்ன அடையாளத்தைப் பார்த்துச் சரியாக வந்து சேர்ந்தாராம். வந்ததும் காப்பி கொடுத்து, கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி, சாமி கும்பிடக் கூட்டிப்போனார்களாம். ஹோட்டல் ஏற்பாடு பிரமாதம், டிபன்தான் இன்னும் வரவில்லை என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தொலைந்துபோனவரைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? அவர் தொலையவே இல்லை.

ஆனால் மகனுக்கு அது சிரிப்பாக இல்லை. இனிமேல் தனியாக எங்கும் அனுப்ப மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அதை வங்காளத்தில் கேட்ட அம்மாவின் முகம் வாடிப்போனது. அதற்குக் காரணம் என் வாய் என்பதுதான் எனக்கு வலித்தது.

4. மறுநாள்

அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. மகன் இறங்கிவந்தார். மறுநாள் விடியலில் தனியாகவே கடலுக்குப் போகலாம், ஒரே ஒரு தடவை.

நானும் இருட்டிலேயே டியூட்டிக்கு வந்துவிட்டேன். அடையாளம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. போனவர் வருகிறவரைக்கும் மகன் வாசலிலும் நான் கவுன்ட்டரிலும் தவித்தோம். தவிப்பில், பெட்ஷீட்டைக் கொண்டுவராத லாண்டரிக்காரரைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா வந்தார். தெருமுனையில் ஒரு விநாடி நின்றார், நேராக எங்கள் வாசலுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார். நான் போனை வைத்துவிட்டு, இத்தனை மஞ்சள் வீட்டில் எதை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார் என்று கேட்கச் சொன்னேன். அம்மா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். மகன் முதலில் மொழிபெயர்க்க மறுத்தார். வற்புறுத்திய பிறகு சொன்னார்.

இந்தப் பொம்பளை கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கிறது. நேற்றுக் காலையில் இவள் டியூட்டிக்கு வந்திருக்கவில்லை, அதனால்தான் வீடு தெரியவில்லை.